வட சென்னை டிரெய்லர் வேலை: எந்த ஓனரிடம் சேரலாம், ஹெவி லைசென்ஸை விடலாமா?

"டிரிப்புக்கு எவ்வளவு?" வேலை கேட்டுப் போகிற டிரைவர் வாயில் முதலில் வருவது இதுதான். வட சென்னையில் இதை இரண்டாவதாகக் கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது, "வண்டி நின்னா எவ்வளவு?" மணலி, மாதவரம், விச்சூர், ஆண்டார்குப்பம் என்று எந்த சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலையம்) வாசலிலிருந்து கிளம்பினாலும் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் அப்படியொன்றும் தூரமில்லை. ரோடு காலியாக இருந்தால் ஒரு மணி நேர ஓட்டம். ஆனால் கப்பல் இரண்டு சேர்ந்து வந்தாலோ, ஸ்கேனர் மக்கர் செய்தாலோ, கேட்டில் சர்வர் படுத்தாலோ எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு முழுக்க டிரெய்லர் வரிசைதான். ஓட்டுவதற்குக் கூலி பேசிவிட்டு, நிற்பதை ஓசியில் செய்து கொடுக்கிற ஊர் இது.

அதனால் இங்கே ஓனர்களைத் தரம் பிரிக்கும்போது ஹால்ட் காசுதான், அதாவது வண்டி நிற்பதற்கான கூலிதான், முதல் கணக்கு. அடுத்தது டீசல் பிடித்தம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றாவது. கம்பெனிப் பெயர் எதுவும் இதில் இல்லை. ஒரே போர்டுக்குக் கீழே நல்ல சூப்பர்வைசரும் இருப்பார், கழுத்தறுப்பவரும் இருப்பார். ஆள் மாறினால் மார்க்கும் மாறிவிடும். ஆகவே வகை வகையாகப் பார்ப்போம்.

ஹால்ட் கணக்கு எப்படி

ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் ரேட்டை இதில் போட்டுப் பாருங்கள். ஓனர் 'அ' டிரிப்புக்கு 1,000 ரூபாய் தருகிறார், ஹால்ட் கிடையாது. ஓனர் 'ஆ' டிரிப்புக்கு 850 தருகிறார், வண்டி மாட்டிக்கொண்ட நாளுக்கு 500 ஹால்ட். வாரம் ஆறு நாள் வேலை, நாளுக்கு இரண்டு நடை ஓடினால் 'அ' 12,000, 'ஆ' 10,200. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் 'அ' பக்கம் சாய்கிறார்கள். மூன்று நாள் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நடைதான் ஓடியது என்றால் மொத்தம் ஒன்பது நடை: 'அ' 9,000, 'ஆ' 9,150. ஆறு நாளும் மாட்டிக்கொண்டால் 'அ' 6,000, 'ஆ' 8,100. நல்ல வாரத்தில் 1,800 ரூபாய் விட்டுக்கொடுத்து, கெட்ட வாரத்தில் 2,100 ரூபாய் காப்பாற்றுகிறீர்கள். வீட்டு வாடகை மாதாமாதம் ஒரே தொகைதான் என்பவருக்கு 'ஆ' தான் சரி.

ஹால்ட் தருகிறேன் என்று சொல்வது வேறு, அது எந்த நேரத்திலிருந்து ஓடும் என்பது வேறு. சிலர் 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் ஹால்ட் என்பார்கள். அப்படியென்றால் 23 மணி நேரம் நின்று உள்ளே போனால் பைசா வராது. சிலர் கேட் இன் ஸ்லிப்பில் அச்சாகும் நேரத்திலிருந்து என்பார்கள். இது அதைவிட மோசம், ஏனென்றால் நிற்பது முழுக்க கேட்டுக்கு வெளியேதானே. நியாயமான ஏற்பாடு, வண்டி வரிசையில் சேர்ந்த ஜி.பி.எஸ். நேரத்திலிருந்து எண்ணுவது. ஜி.பி.எஸ். எல்லா வண்டியிலும் இருக்கிறது; டிரைவரைக் கண்காணிக்க அதை நம்புகிறவர், டிரைவருக்குக் காசு கொடுக்கும்போதும் அதையே நம்பலாம். வரிசையில் சேர்ந்ததும் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு லொகேஷன் போட்டு வையுங்கள். மாதக் கடைசியில் சண்டை வந்தால் அதுதான் சாட்சி.

இன்னொரு கேள்வியும் கேட்டுவிட வேண்டும். எக்ஸ்போர்ட் பெட்டி (கன்டெய்னர்) கட் ஆஃப் நேரத்தைத் தாண்டிப் போய் ஷட் அவுட் ஆகி, அதாவது கப்பலில் ஏறாமல், திரும்பினால், அந்தத் திரும்பு நடைக்கு யார் காசு? டிரைவர் தூங்கி லேட்டானால் அது வேறு விஷயம். துறைமுகத்துக்குள் பெட்டி நுழையக் காட்டும் பாரம் 13-இல் பெட்டி எண்ணோ சீல் எண்ணோ தப்பாக அடித்துக் கொடுத்தது ஆபீஸ் பையன்; அதனால் கேட்டில் ஓரம் கட்டப்பட்டால் அதற்கு டிரைவர் எப்படிப் பொறுப்பு? கிளம்பும் முன் பெட்டியில் உள்ள எண், போல்ட் சீலில் பொறித்த எண், பாரம் 13-இல் உள்ள எண் மூன்றையும் ஒப்பிட இரண்டு நிமிடம்தான் ஆகும். 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யம், 8-க்குப் பதில் 'பி' என்பதுதான் வழக்கமான கோளாறு.

டீசல் பிடித்தம்

கூடுதலாகச் செலவான டீசலை மைலேஜ் அடிப்படையில் சம்பளத்தில் பிடிக்கிற ஓனரிடம் துறைமுக லைனில் சேரவே கூடாது. இதில் சமரசம் வேண்டாம். காரணம் எளிது. போக வர 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 20 லிட்டர். எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும் பெரிய வண்டி மணிக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். வரிசையில் அரை அரை வண்டியாக நகர்வதால் எஞ்சினை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் பிரேக் காற்று இறங்கும், இடைவெளியில் இன்னொருவன் மூக்கை நுழைப்பான். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தது 12 லிட்டர். மொத்தம் 32. இப்போது மைலேஜ் 1.9 தான். டிரைவர் ஒரு சொட்டு டீசல் திருடவில்லை. ஆனால் கணக்கில் திருடன்.

நல்ல ஆபீஸ்கள் இரண்டு வழியில் இதைச் சரிசெய்கின்றன. ஒன்று, ரூட்டுக்கு இத்தனை லிட்டர், நிற்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்று தனித்தனியாகக் கணக்கு வைப்பது. மற்றொன்று, புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புது பி.எஸ். 6 வண்டிகளில் டெலிமேட்டிக்ஸ் (வண்டியின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவி) காட்டும் ஐட்லிங் நேரத்தை எடுத்துக் கழித்துவிடுவது. இரண்டில் எதுவும் இல்லாமல் "எங்க வண்டி மூணரை கொடுக்கும்பா" என்று வாயால் சொல்கிறவர் ஓ.எம்.ஆர். பக்கம் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்த கணக்கைச் சொல்கிறார்.

பி.எஸ். 6 என்றதும் இன்னொரு பிடித்தம் நினைவுக்கு வருகிறது. புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். ஃபில்டர், கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது தானாகக் கிடைக்கும். மணலிக்கும் துறைமுகத்துக்கும் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்குக் கிடைக்காது. கரி சேரும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். அப்போது பாதுகாப்பான, காய்ந்த புல்லோ எண்ணெயோ இல்லாத இடத்தில் நிறுத்தி ரீஜெனரேஷன் பட்டனை அழுத்தி, முடியும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு லோடு எடுக்கப் போனால் அடுத்த கட்டத்தில் பவர் குறையும், பாலத்தில் ஏறாது, கடைசியில் சர்வீஸ் சென்டரில் லேப்டாப் மாட்டித்தான் எரிக்க முடியும். அந்த பில்லை டிரைவர் தலையில் கட்டுகிற ஆபீஸ்கள் உண்டு. சூப்பர்வைசர் "பட்டனை அப்புறம் அழுத்து, முதல்ல பெட்டியை எடு" என்றால் அதை வாட்ஸ்ஆப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டார். அதுவே பதில்.

யாரிடம் சேரலாம்

பெரிய ஃப்ளீட், அல்லது சி.எஃப்.எஸ். சொந்தமாக ஓட்டும் வண்டிகள். சம்பளம் வங்கியில் வரும், பி.எஃப். இருக்கும், புது வண்டி கிடைக்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு கேபின் ஏ.சி. கட்டாயம், புது வண்டி வாங்குகிற திராணி உள்ள இடத்தில்தான் அந்த ஏ.சி. முதலில் உங்களுக்கு வரும். மே மாதம் திருவொற்றியூர் வெயிலில் வரிசையில் நிற்பவருக்கு இது சொகுசு சமாச்சாரம் இல்லை. குறை என்னவென்றால் நடை குறைவு, விதி அதிகம், கண்ணாடியில் ஒட்டிய கேமரா கொட்டாவி விட்டாலும் மெயில் அனுப்பும். டேமேஜ் பிடித்தமும் இங்கேதான் அதிகம். எம்ப்டி யார்டில் பெட்டி எடுக்கும்போது பெட்டியின் நிலையைக் குறிக்கும் இ.ஐ.ஆர். தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் இல்லாத ஒவ்வொரு ஒடுக்கும் திரும்பக் கொடுக்கும்போது உங்கள் கணக்கு. கையெழுத்துக்கு முன் நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். கதவு ரப்பர், கீல், நான்கு மூலை வார்ப்பு, தரைப் பலகையில் ஆணி, எண்ணெய்க் கறை. பிறகு உள்ளே நின்றுகொண்டு வெளியே நம்பிக்கையான ஒரு ஆளைக் கதவை மூடச் சொல்லுங்கள். கூரையிலோ பக்கத்திலோ ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. மழைக்காலத்தில் அந்த ஓட்டைதான் சரக்கு நனைந்த வழக்காக வரும். தாளில் எழுத வைத்து, போட்டோ எடுத்து, பிறகு கையெழுத்து.

இந்த வகைக்கு ஐந்துக்கு மூன்றரை. ஹால்ட் எழுத்தில் இருந்தால் நான்கு.

இரண்டு முதல் ஐந்து வண்டி வைத்திருக்கும் ஓனர்கள். மாதவரம், சாத்தாங்காடு பக்கம் பெரும்பாலும் இவர்கள்தான். இதில் மேலும் உண்டு, கீழும் உண்டு. நல்ல ஓனர் என்றால் பெரிய கம்பெனியைவிட நூறு மடங்கு மேல்: பிள்ளை பீஸுக்கு அட்வான்ஸ் கேட்டால் அன்றைக்கே வரும், ஊர்த் திருவிழாவுக்கு லீவு கிடைக்கும், ஆக்சிடென்ட் ஆனால் நேரில் வந்து நிற்பார். கெட்ட ஓனர் என்றால் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: அவருக்கே காசு எப்போது வருகிறது என்று விசாரியுங்கள். புக்கிங் ஆபீஸிலோ ஃபார்வர்டரிடமோ 45, 60 நாள் கடனில் ஓட்டுகிறவர், வண்டி டியூ கட்டியது போக மிச்சம் இருந்தால்தான் உங்களுக்குத் தருவார். அவர் கெட்டவர் இல்லை. வரிசையில் நீங்கள் கடைசி, அவ்வளவுதான். பழைய டிரைவர் ஏன் போனார் என்று ஓனரிடம் கேட்பதில் பயனில்லை. அவர் டயர் போடும் கடையில் கேளுங்கள். டயர்க் கடை பாக்கி வைத்திருப்பவர் டிரைவருக்கும் பாக்கி வைப்பார்.

இவர்களில் சிலர் "ஒரிஜினல் லைசென்ஸைக் கொடுத்து வை" என்பார்கள். கூடாது. நகல் கொடுங்கள். டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலே ரோட்டில் செல்லும் என்பதால், கார்டு கையில் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று அவர்கள் சமாதானம் சொல்வார்கள். செல்லும்தான். ஆனால் அந்தக் கார்டு பீரோவுக்குள் போவது ரோட்டுக்காக இல்லை, நீங்கள் வேலையை விட்டுப் போகாமல் இருக்க. இந்த வகைக்கு மார்க் ஐந்துக்கு இரண்டிலிருந்து நாலரை வரை, ஆளைப் பொறுத்து.

எண்ணெய் டாங்கர். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, மணலி, எண்ணூர் பக்கம் லோடு ஆகும் வண்டிகள். டிரெய்லர் டிரைவர்கள் பலர் இதை மேலான வேலை என்று நினைக்கிறார்கள், பாதி உண்மை. வரிசை நேரம் கணிக்கக்கூடியது, வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் ஒழுங்கு கடுமை. ரூட்டை விட்டு விலகினால் டிராக்கிங்கில் மாட்டும். இ-லாக் (மின்னணுப் பூட்டு) திறந்த நேரம் தப்பினால் விசாரணை. தடை விழுந்தால் அந்த கான்ட்ராக்டரிடம் மட்டுமல்ல, மற்ற எண்ணெய் கம்பெனி டெர்மினல்களிலும் கதவு மூடலாம்.

ஷார்ட்டேஜ் பிடித்தம்தான் இங்கே முக்கியச் சண்டை. பெட்ரோல் சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஒரு டிகிரி இறங்கினால் 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் அளவு குறையும். 12,000 லிட்டர் ஏற்றிக்கொண்டு மதியம் கிளம்பி, பங்க்கில் விடியற்காலை இறக்கும்போது ஐந்து டிகிரி குறைந்திருந்தால் 60 லிட்டர் 'காணாமல்' போகும். யாரும் திருடவில்லை. ஏற்றும்போது எழுதிய டென்சிட்டி, வெப்பநிலை, இறக்கும்போது எடுத்த டென்சிட்டி, வெப்பநிலை நான்கும் சலானில் இருந்தால் 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்டு நிரூபிக்கலாம். அந்த நான்கும் எழுதாமல் டிப் ராடு (எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி) மட்டும் பார்த்துப் பிடிக்கிற ஆபீஸ் வேண்டாம். டிப் பார்ப்பதிலும் அவசரம் கூடாது: லோடு ஆன உடனே ராடை இறக்காமல் சில நிமிடம் எண்ணெய் அடங்க விட வேண்டும். அலையும் எண்ணெயில் அளவும் தப்பும், நிலைமின்சாரமும் இருக்கும். எர்த் கிளிப் மாட்டியிருப்பது, பேட்டரி கட் ஆஃப், சக்கரத்துக்குக் கட்டை எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல கான்ட்ராக்டர் என்றால் மூன்றே முக்கால்.

சாம்பல் பல்கர் (தூள் சரக்குக்கான மூடிய தொட்டி வண்டி), நிலக்கரி டிப்பர், காயில் (இரும்புச் சுருள்) டிரெய்லர் பற்றிச் சுருக்கமாக. வல்லூர், அத்திப்பட்டு பக்கம் சாம்பல் ஏற்றும் பல்கர்களில் நடைக் காசு பரவாயில்லை, நுரையீரல்தான் விலை. மாஸ்க், கண்ணாடி ஓனர் தருகிறாரா என்று பார்த்து முடிவெடுங்கள். காயில் ஏற்றுகிறவர் சங்கிலி, பெல்ட், முட்டுக்கட்டை மூன்றும் சரியாக இல்லாமல் நகரக் கூடாது. திடீர் பிரேக்கில் காயில் கேபினுக்குள் வரும். இரண்டரை.

இன்னொரு கதவும் புதிதாகத் திறந்திருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இந்த ஒப்பந்த முறையில் டிரைவர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர் இல்லை, பஸ்ஸை ஓட்டும் தனியார் கம்பெனியின் ஆள். ஷிப்ட் உண்டு, இரவு வீட்டுக்குப் போகலாம். அரசு வேலை என்று நினைத்துப் போக வேண்டாம்.

சேரும் முன் வண்டியையும் தாளையும் பாருங்கள்

வண்டி எண்ணை எம்பரிவாஹன் ஆப்பில் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று தேதிகள் வந்துவிடும். எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் வருடாவருடம். ஒன்று காலாவதி என்றாலும் ஓனரின் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. இன்சூரன்ஸ், பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் சட்டம் ஓட்டியவரையும் சேர்த்தே பிடிக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி, சம்பள டிரைவர், கிளீனருக்கான பொறுப்பு என்ற வரிக்கு பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மிகச் சின்னத் தொகை. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று எழுதியிருக்கும். அது ஓனரே ஓட்டினால் ஓனருக்கு. அதைக் காட்டி "உனக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்பவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

வண்டியில் முதலில் ஃபிஃப்த் வீல், அதாவது டிரெய்லரை இழுவை வண்டியோடு கோக்கும் தட்டு. டார்ச் அடித்துப் பாருங்கள்: அதன் தாடை டிரெய்லரின் கிங்பின்னை முழுதாகக் கவ்வியிருக்க வேண்டும், மேல் தட்டுக்கும் டிரெய்லர் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. லேண்டிங் லெக்கை முழுதாக ஏற்றும் முன், டிரெய்லர் பிரேக்கைப் போட்டு மெதுவாக முன்னால் இழுத்துப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். பிறகு பெட்டியை டிரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக். கடல் காற்றில் எண்ணூர் வண்டிகளின் ட்விஸ்ட் லாக் துருப்பிடித்து இறுகுவது சகஜம். நான்கில் ஒன்று திரும்பவில்லை என்று மூன்றை மட்டும் பூட்டி ஓட்டுகிற வண்டிகள் உண்டு. காலிப் பெட்டியோடு மேம்பால வளைவில் அதுதான் கவிழ்க்கும். டிரெய்லரின் பின் டயர் எப்படி இருக்கிறது என்பது ஓனரின் குணச் சான்றிதழ். முன் டயர் எல்லோரும் நல்லதாகத்தான் போடுவார்கள்.

ஓவர்லோடு. 20 அடிப் பெட்டி சின்னதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். 20 அடியும் 40 அடியும் மொத்த எடையில் 30.48 டன்வரை போகலாம். 40 அடி டிரெய்லரில் இரண்டு இருபதடி வைத்தால், ஒவ்வொன்றும் 24 டன் என்றாலே சரக்கும் பெட்டியுமாக 48 டன்; அதற்கு மேல் வண்டி எடை. ஆறு ஆக்சில் வண்டிக்கே அனுமதி மொத்தம் 55 டன்தான். எக்ஸ்போர்ட் பெட்டி என்றால் 2016 ஜூலையிலிருந்து எடை உறுதிச் சீட்டு கட்டாயம். அதைப் பார்த்து கூட்டிக் கழித்துவிட்டுக் கிளம்புங்கள். பிடிபட்டால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடை மேடைக்கு வர மறுத்தால் 40,000. ஓவர்லோடு விஷயத்தில் டிரைவர் ஓனர் இல்லை என்றால், ஓனருக்குத் தெரிந்தே நடந்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 113-ஆவது பிரிவே சொல்கிறது. "நீதானே ஏத்தின, நீ கட்டு" என்பவரிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

சம்பளச் சீட்டு

மொத்தம் கைக்கு 30,000 வருகிறது, ஆனால் தாளில் 12,000 மட்டும், மிச்சம் பேட்டா வவுச்சர். இது ஊர் முழுக்க நடக்கிற வழக்கம். கையில் காசு அதே காசுதானே என்று தோன்றும். படுத்தால்தான் தெரியும். இ.எஸ்.ஐ.யில் உடம்பு சரியில்லாத காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள்வரை. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். எந்தச் சம்பளத்தில்? தாளில் உள்ள 12,000-இல். மாதம் 8,400 வைத்துக் குடும்பம் ஓடுமா? முதல் கேள்வி, தாளில் எவ்வளவு. இரண்டாவது, மாதாமாதம் கட்டுகிறார்களா. உமாங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக் திறந்தால் தெரிந்துவிடும். பெயர் ஆதார், லைசென்ஸ், பி.எஃப். மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றால் ஓனர் மாறும்போது கணக்கை மாற்ற அலைய வேண்டும். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் சேர்வதும் அங்கேயே அறுந்துபோகும். அடிக்கடி ஓனர் மாறுகிறவர்கள் பழைய யு.ஏ.என். எண்ணையே (பி.எஃப்.-இன் நிரந்தர எண்) கொடுக்க வேண்டும், புதிது எடுக்கவே கூடாது.

ஆக்சிடென்ட் ஆனால் என்ன செய்வீர்கள் என்று சேரும்போதே ஓனரிடம் கேட்டுவிடுவது நல்லது. மரணம் ஏற்பட்டால் பி.என்.எஸ். (புதிய குற்றவியல் சட்டம்) 106(1)-இன்படி ஐந்து வருடம்வரை தண்டனை. பழைய ஐ.பி.சி. 304ஏ-யில் இது இரண்டு வருடமாக இருந்தது. 2024 ஜனவரியில் ஸ்டிரைக் நடந்ததே, போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் என்ற அந்தப் பிரிவான 106(2), மற்றவை 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பதும் போலீசுக்குச் சொல்வதும் டிரைவரின் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடலாம், ஓடி ஒளியக் கூடாது. ஓனரிடம் கேட்க வேண்டியது மூன்று: ஜாமீனுக்கு யார் வருவார், வக்கீல் செலவு யாருடையது, லைசென்ஸ் இடைநீக்கத்தில் இருக்கும் மாதங்களில் ஏதாவது தருவீர்களா. மூன்றாவதற்கு யாருமே ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். யோசித்துப் பார்க்கலாம் என்று சொன்னாலே அவர் நல்ல ஓனர்.

ஹெவியை விடலாமா

ஐம்பதைத் தாண்டியவர்கள், இடுப்பு வலிக்காரர்கள், கல்லாவில் உட்கார்ந்துவிட்டவர்கள் கேட்கும் கேள்வி இது. வண்டியை விடுங்கள், லைசென்ஸை விடாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும், முன்பு மூன்றுதான். புதுப்பிக்க மத்திய விதிப்படிக் கட்டணம் 200 ரூபாய். கார்டு, சேவைக் கட்டணம், டாக்டர் பீஸ் சேர்ந்தாலும் ஒரு நாள் கூலியில் முடிகிற சமாச்சாரம். விட்டுவிட்டுத் திரும்ப எடுப்பதுதான் செலவு.

தேதி விஷயத்தில் பழைய நினைப்போடு பலர் மாட்டுகிறார்கள். காலாவதிக்குப் பிறகு 30 நாள் சலுகை என்று முன்பு இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். கார்டில் என்.டி. (சொந்த வண்டி, நான் டிரான்ஸ்போர்ட்) என்று ஒரு தேதி, டி.ஆர். (டிரான்ஸ்போர்ட்) என்று ஒரு தேதி இருக்கும். என்.டி. தேதி 2035 என்று இருக்கிறதே என்று நிம்மதியாக டிரெய்லர் ஓட்டக் கூடாது. டிரெய்லருக்குப் பார்க்க வேண்டியது டி.ஆர். தேதி. அது முடிந்த மறுநாளே ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், ஓட்டவிட்ட ஓனருக்குத் தனி 5,000. அன்றைக்கு ஆக்சிடென்ட் ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு ஓனரிடம் வசூலிக்கப் பார்க்கும். ஓனர் உங்களைப் பார்ப்பார்.

புதுப்பிக்க, முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் நடக்கும். ஒரு வருடம் தாண்டினால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும், அதற்கு ஹெவி வண்டி நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்; டிரைவிங் ஸ்கூலில் வாடகைக்கு எடுத்தால் அவர்கள் சொல்வதுதான் ரேட். லைசென்ஸுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து, பாரம் 1ஏ மருத்துவச் சான்றைப் பதிவேற்றி, ஆர்.டி.ஓ.வுக்குப் போக வேண்டும். தண்டையார்பேட்டை டி.என். 03, செங்குன்றம் டி.என். 18 என்று பக்கத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டு முகவரி என்றால் லைசென்ஸ் எடுத்த ஊருக்கே போக வேண்டியதில்லை.

பாரம் 1ஏ-யில் தடுக்கி விழுவது பெரும்பாலும் கண். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிய வேண்டும், சிவப்பும் பச்சையும் பிரித்துச் சொல்ல வேண்டும், மாலைக்கண் இருக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே கண் டாக்டரைப் பார்த்து, கண்ணாடியை மாற்றிக்கொண்டு போங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வை அளவும் மாறும். கட்டுக்குள் வந்த பிறகு எடுத்த கண்ணாடிதான் நிற்கும்.

ஆபத்தான சரக்கு ஏற்றும் அனுமதியை மட்டும் யோசித்து வையுங்கள். அது மூன்று வருடம்தான் செல்லும். முதல்முறை மூன்று நாள் பயிற்சி, புதுப்பிக்க ஒரு நாள் பயிற்சி, அந்த நாட்களின் கூலி போகும். டாங்கர் பக்கம் திரும்பப் போவதில்லை என்றால் இதை விட்டுவிடலாம், ஹெவி பாதிக்காது. கெமிக்கல் டிரம் ஏற்றும் மணலி கம்பெனி வேலைக்குக்கூட இது வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், டாங்கருக்கு மட்டுமில்லை.

சாரதியில் வண்டி வகையைச் சரண்டர் செய்ய ஒரு வழி இருக்கிறது. எதற்கும் அதைத் தொட வேண்டாம், டி.ஆர். தேதி முடிந்தாலும் என்.டி. தன் தேதிவரை தனியாக ஓடும், சரண்டர் செய்வதால் எந்த லாபமும் இல்லை. நிஜமாகவே பெரிய வண்டியை விட்டவர்களுக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸோடு ஓட்டலாம், தனி டிரான்ஸ்போர்ட் முத்திரை வேண்டியதில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் எல்லாம் இதற்குள் வந்துவிடும். மாதவரம், செங்குன்றம் குடோன்களில் இந்த வண்டிகளுக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. ஆர்.சி.யில் 'மொத்த எடை' என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள், வெறும் வண்டி எடையை இல்லை. அதில் 7,500-க்கு மேல் ஒரு கிலோ இருந்தாலும் இந்தத் தீர்ப்பு உதவாது. சில ஓனர்கள் இன்னும் டி.ஆர். இருந்தால்தான் வண்டி தருவேன் என்கிறார்கள். அவர்களிடம் தீர்ப்பைக் காட்டி வாதாடுவதைவிட, 200 ரூபாய் கட்டிப் புதுப்பித்த கார்டைக் காட்டினால் சாவி சீக்கிரம் கைக்கு வரும்.